எங்கே இறக்கட்டும்?

கால் பார்த்து வையுங்க தம்பி. சாக்குல பட்டுறப் போகுது. அரிசி இல்லீங்க, கம்ப்யூட்டருங்க. பெட்டி மட்டும்தான், டிவி மாதிரி இருக்குமே, அது இல்லை. கண்டக்டர் லக்கேஜ் போடணும்னாரு. மடியிலே வெச்சுக்கறேன், கைக்குழந்தைக்கு லக்கேஜ் போடுவீங்களான்னு கேட்டேன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டாரு. கரூர் வரைக்கும் மடியிலேயேதான் இருந்துச்சு. தொடை மரத்துப்போயித்தான் கீழே வெச்சேன்.

நீங்க கரூர்லதானே ஏறுனீங்க? பார்த்தேன். முன்னால ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சு. அதை விட்டுப்போட்டு நேரா இங்க வந்தீங்க. ஓ, அங்க வெயிலா. சரி சரி. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா கேட்டேன்.

லேப்டாப்பு வெச்சிருக்கீங்க. புரோகிராம் எழுதற வேலைங்களா? பேங்க்குக்கா. லாரி, பார்சல், டிரான்ஸ்போர்ட்டு, அந்தப் பக்கமெல்லாம் கை வைக்கறதில்லையே? நிச்சயமா? அப்பச் சரி. அப்ப உங்ககிட்டப் பேசலாம். எனக்கும் ஒரு வாரமா யார்கிட்டயாவது கொட்டணும்னு இருக்குது. சொந்தக்காரன்கிட்டச் சொன்னா ஊரெல்லாம் போகும். கஸ்டமர்கிட்டச் சொன்னாக் காரியம் கெடும். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு இறங்கிப் போயிருவாரு, தொந்தரவில்லை.

என் பேரு நாச்சிமுத்து. நாமக்கல்லு. கிளீனராப் போயி டிரைவரானவன். நாக்பூர்கிட்ட வண்டி கவுந்து தோள்பட்டை போனதுக்கப்பறம் புக்கிங் ஆபீசுல உக்காந்தேன். வாடகை பேசறதுதான் நமக்குத் தொழிலு. சரக்குக்காரன் ஒரு ரேட்டு சொல்லுவான், லாரிக்காரன் ஒரு ரேட்டு சொல்லுவான், ரெண்டு பேரும் பொய்தான் சொல்றான்னு வெச்சுக்கிட்டு நடுவுல நின்னு பேசணும். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரலீங்க. தெரிஞ்சுக்கிட்டதெல்லாம் அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ஒரு டிரைவர் இந்த ரோட்டுலதான் போவேன்னு அடம் புடிக்கறான்னு வையுங்க. அந்த ரோட்டுல ஏதோ ஒரு டீசல் பங்க்குல அவனுக்குக் கமிஷன் இருக்குதுன்னு அர்த்தம். இது ஒண்ணு தெரிஞ்சாப் போதும், லாரித் தொழில்ல பொழைச்சுக்கலாம்.

கம்ப்யூட்டர் தொழில்லயும் அப்படித்தான்னு நெனைச்சு இறங்குனேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன்.

புக்கிங் ஆபீசுக்கெல்லாம் ஒரு புரோகிராம் பண்ணிக் குடுக்கலாம்கறது என் ரோசனைதாங்க. எந்த லாரி காலியா நிக்குது, எந்தச் சரக்கு எங்க போகணும், ஒரு ஆபீசுல போட்டா மத்த ஆபீசுக்கெல்லாம் தெரியணும். 'லோடுபுக்'னு பேரு வெச்சோம். நாமக்கல்லு, சங்ககிரி, சேலம்னு ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்கி நாந்தான் வித்தேன். ஒருத்தன் மோர் குடுத்தான், ஒருத்தன் நாயை அவுத்துவிட்டான். நாயை அவுத்துவிட்டவனும் இன்னைக்கு நம்ம கஸ்டமரு.

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல மாடியிலே ஆபீசு. வேலைக்கு ரெண்டு பேரு. ஒருத்தன் கோகுல், என் வீட்டுக்காரிக்குச் சித்தப்பா மகன். முதல்ல புரோகிராமை எழுதுனவன் அவன்தான், சொந்த லேப்டாப்புல உக்காந்து எழுதுனான். இன்னொண்ணு ரெஜினான்னு ஒரு பொண்ணு, தூத்துக்குடிக்காரி. நம்ம பக்கம் இஞ்சினியரிங் படிக்க வந்தவ, அப்படியே நம்மகிட்டச் சேர்ந்துட்டா. இப்ப நான் போறது அவ வீட்டுக்குத்தான்.

சொல்லிட்டுப் போகலீங்க. சொல்லிட்டுப் போனா உஷாராயிருவாங்க. வாடகை பேசப் போறவன் போன் பண்ணிட்டா போவான்? நேராப் போயி வாசல்ல நிக்கணும். எதிராளி பல்லு வெளக்கிட்டு இருக்கறப்ப நின்னோம்னா பாதி ரேட்டு படிஞ்ச மாதிரி.

விஷயத்துக்கு வர்றேன். புரோகிராம்ல ஏதாவது மாத்துனா ஒவ்வொரு ஆபீசுக்கும் போயி ஏத்த முடியாதில்லீங்களா? அதுக்கு கோகுல் 'டெம்போ'ன்னு ஒண்ணு பண்ணி வெச்சிருந்தான். நம்ம ஆபீசுல பொட்டலம் பொட்டலமாக் கட்டிக் குடுத்தா, டெம்போ ஒவ்வொரு ஆபீஸ் மெஷினுக்கும் கொண்டுபோயி இறக்கிப்போட்டு, பழசை எடுத்துட்டு வந்துரும். தலையாட்டறீங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். என்ன பேரு சொன்னீங்க, பேக்கேஜ் மேனேஜரா? அதேதான். அந்தப் பொண்ணும் அதைத்தான் சொல்லுவா.

சங்ககிரியில செங்கோடண்ணன்னு ஒருத்தரு. புக்கிங் ஆபீஸ் சங்கத்துல பெரிய ஆளு. அவரு முகத்துக்காகத்தான் பாதி ஆபீஸ் நம்மகிட்ட இருக்குது. ஒரு நாள் அவருகிட்டப் போயிருந்தேன். அவரு மகன் புது மெஷின் வாங்கி வெச்சிருந்தான். லோடுபுக் அதுல ஓடமாட்டேங்குது. திரையிலே இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து நிக்குது. அண்ணன் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கறாரு: "ஹோம்… கோகுல்… லோடுபுக்… காணோம்." படிச்சுப்போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு.

"ஏனப்பா முத்து, யாரப்பா இந்த கோகுலு? கம்பெனி உன்னுதுன்னு சொன்னே?"

அப்ப அங்க நாலு டிரைவருங்க உக்காந்திருந்தாங்க தம்பி. டீ குடிச்சிட்டிருந்தாங்க. ஒருத்தன் இருமறான், ஒருத்தன் மேலே பார்க்கறான்.

மாடிப்படி ஏறறப்பவே கத்திக்கிட்டு ஏறுனேன். கோகுல் எந்திரிச்சு நின்னான். "அது ஒண்ணுமில்லீங்க மாமா. மொதல்ல என் லேப்டாப்புல எழுதறப்ப என் ஃபோல்டர்ல வெச்சேன். அந்த விலாசம் பொட்டலத்துக்குள்ளயே பதிஞ்சுபோச்சு. அதனால எல்லா ஆபீஸ் மெஷின்லயும் கோகுல்னு ஒரு ஆளு இருக்கற மாதிரி ஒரு கணக்குத் தொறந்து வெச்சிருக்கறேன். இத்தனை நாளா ஓடுச்சில்லீங்க, விடுங்க."

எல்லா ஆபீஸ் மெஷின்லயும்! கேட்டுக்குங்க. வெயில்ல நடந்து வித்தது நானு. உள்ளே குடித்தனம் பண்றது அவன்.

ரெஜினா நாற்காலியைத் திருப்பிக்கிட்டு உக்காந்தா. "நான் சேர்ந்த நாள்ல இருந்து சொல்லுதேன் சார். பாத்தை ஹார்ட்கோடு பண்ணக் கூடாது. இறக்குத எடத்தைப் பொட்டலத்துக்குள்ள எழுதவே கூடாது. டெம்போ ஒவ்வொரு மெஷினா போயி, எங்க இறக்கட்டும்னு கேக்கணும். அவங்க காட்டுத எடத்துல இறக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" இது கோகுல். "எல்லா ஆபீசுலயும் ஒரே எடத்துல இருந்தாத்தானே, போன்ல கூப்புட்டா இங்க போ, இதைத் தொறன்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியுது? ஆளுக்கு ஒரு எடத்துல வெச்சுப்போட்டு, எங்க வெச்சேன்னு மறந்துபோட்டு, ராவும் பகலும் என்னைத்தானே கூப்புடுவான்? நீ எடுப்பியா போனை?"

"வெச்ச எடத்தை டெம்போ ஞாபகம் வெச்சுக்கிடும். நீ ஏன் வெச்சுக்கிடணும்? உன் பேர்ல ஆள் இல்லாத மெஷினே இருக்கக் கூடாதா? சார், இப்ப எங்க வீட்டையே எடுத்துக்கிடுங்க. ரோட்டை அகலமாக்குதோம்னு சொல்லி…"

"வீட்டுக் கதையெல்லாம் எனக்கெதுக்கு? விஷயத்தைச் சொல்லு"ன்னேன்.

அவ கோகுல் பக்கம் திரும்பிட்டா. அப்பறம் ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்டை போட்டாங்க. நான் நடுவுல உக்காந்து வேடிக்கை பார்த்தேன். வார்த்தை புரியலைன்னா என்னங்க, மூஞ்சி புரியும். ரெண்டு பேரு ஒரு ரோட்டுக்காக இவ்வளவு சண்டை போடறாங்கன்னா, ரோட்டுல யாருக்கோ பங்க் இருக்குது. யாருக்கு? கோகுலுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுபோச்சு, அவன் பேரு இருக்கணும். அது வெறும் பேராசை. அவன் குடும்பமே அப்படித்தான். ஆனா இந்தப் பொண்ணு? யார் பேரும் வேண்டாம்கறா. தம்பி, பேரு வேணும்கறவன்கிட்ட நான் பேரம் பேசிருவேன். யார் பேரும் வேண்டாம், எடத்தைச் சும்மா காலியா விடுங்கன்னு ஒருத்தர் சொன்னா அவங்ககிட்ட என்னத்தைப் பேரம் பேசறது? காலியா விட்ட எடத்துல யாராவது வந்து உக்காரத்தானே போறான்?

அதனால நானே தீர்ப்பு சொன்னேன். "கோகுலும் வேண்டாம், காலியும் வேண்டாம். ஹோம், நாச்சிமுத்து, லோடுபுக். எல்லா மெஷின்லயும். முடிஞ்சுது."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் அடிச்சுக்கிட்டு நின்னவங்க! அந்தப் பார்வைதான் எனக்குப் புடிக்கலை.

"சார், அது அதே தப்புதான்லா? ஆள்தான வேற?"ங்கறா. "அதுபோக, சில புரோகிராம்ல கோகுல்னு எழுதுன எடத்துல உங்க பேரு கொள்ளாது."

"என்னது?"

"கொள்ளாது சார். இருக்க எடம் சின்னது, உங்க பேரு நீளம். எல்லாத்தையும் மொதல்ல இருந்து கட்டணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

எனக்கு எத்தனையோ பேரு என்னென்னமோ சொல்லியிருக்காங்க தம்பி. செக்போஸ்ட்டுல சொல்லியிருக்காங்க, குட்ஸ் ஷெட்டுல சொல்லியிருக்காங்க. என் பேருக்கு எடம் கொள்ளாதுன்னு எவனும் சொன்னதில்லை. கையிலே இருந்ததை எறிஞ்சுபோட்டேன். கண்ணாடி கிளாஸ் இல்லீங்க, பேப்பர் கப்புதான். ஆனா உள்ளே டீ இருந்துச்சு. சுவத்துல அந்தக் கறை இன்னும் இருக்குது.

வீட்டுல சொன்னேன். "உங்க பேரைப் போட்டா மெஷினு எந்திரிச்சு நின்னு கும்புடுமாக்கும்"னா வீட்டுக்காரி. தம்பிக்காரனுக்குப் பரிஞ்சு பேசறா. வேற என்ன?

வண்டி நிக்குது. டீக்கு நிப்பாட்டறான் போல. வாங்க, ஒரு டீ குடிக்கலாம். இல்லீங்க, சாக்கையும் தூக்கிக்கிட்டுத்தான் வருவேன். இங்க விட்டுட்டு வர்றதா? முன்சீட்டுல அந்தப் பச்சைச் சட்டைக்காரன் ஏறுனதுல இருந்து ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டான். புடிங்க, அந்த ஓரத்தை மட்டும் புடிங்க. இல்லை, வேண்டாம், விடுங்க, நானே தூக்கிக்கறேன்.

…

டீயா இது. சரி, எங்க விட்டேன்? ஆங், டீ எறிஞ்சது.

மொதல்ல இருந்து கட்டறதெல்லாம் வேண்டாம், இருக்கற எடத்துலயே என் பேரைப் போடுன்னு கோகுல்கிட்டச் சொன்னேன். சரிங்க மாமான்னு உக்காந்துட்டான். அவனுக்குப் பயம், என் பேரு வந்தாலும் பரவாயில்லை, வேலை இருந்தாப் போதும்னு. ரெஜினா வாயைத் தொறக்கலை. ஒரு வாரமா காதுல ஒயரை மாட்டிக்கிட்டு என்னமோ தட்டிக்கிட்டே இருந்தா. அமைதியா இருக்கறவங்களைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் அவ சாப்பிடப் போனப்ப கோகுலைக் கூப்புட்டு, அவ மெஷின்ல என்ன பண்றான்னு பாருன்னேன். பார்த்தான். "மாமா, டெம்போவையே வேற மாதிரி எழுதறா. பேரு இருந்த எடமெல்லாம் எடுத்துட்டா. அங்க ஒண்ணுமே இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"காலியா வெச்சிருக்கறா."

பார்த்தீங்களா! நான் சொன்னேனில்லை? நான் ஒண்ணு சொல்ல, இவ எனக்குத் தெரியாம ஒண்ணு கட்டறா. யார் பேரும் இல்லாத சரக்கு. நம்பர் பிளேட்டைக் கழட்டிப்போட்டு நிக்கற லாரியை எதுக்கு நிறுத்தி வெச்சிருப்பான்? விக்கத்தானே? யாருக்கு விக்கறா? சேலத்துல புதுசா ஒரு கம்பெனிக்காரன் நம்ம மாதிரியே ஒண்ணு பண்ணிக்கிட்டு, ஆபீஸ் ஆபீசா வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறான். கணக்கு நேராயிருச்சு.

அவ டிபன் பாக்ஸோட உள்ளே வந்தா. சேலத்துக்காரன் உனக்கு எத்தனை பேசுனான்னு கேட்டேன். எதுக்கு சார்னா. எனக்குத் தெரியும்னேன். "என்ன தெரியும் சார்?"னு கேட்டா. அப்படியே நின்னுக்கிட்டு, கண்ணைத் தாழ்த்தாமக் கேட்டா. தப்புப் பண்ணுனவ அழுவாள்ல? இவ அழவே இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கூட்டுச்சு. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன்.

பையை எடுத்தா. போறப்ப வாசப்படியில நின்னு ஒண்ணு சொன்னா. "சார், எதுனாலும் பண்ணுங்க, ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் அனுப்பாதீங்க."

எனக்கு வேண்டாதவ ஒருத்தி ஒரு நாளைச் சொல்லி, அன்னைக்கு அனுப்பாதேங்கறா. என்ன பண்ணுவீங்க நீங்க?

ஆயுத பூஜை அன்னைக்குத்தான் அனுப்புனேன். நல்ல நாள் இல்லீங்களா? என் பேரு எல்லா மெஷின்லயும் போயி உக்கார்ற நாளு. ஆபீசுல எல்லா மெஷினுக்கும் வீட்டுக்காரி சந்தனம், குங்குமம் வெச்சா. இந்தப் பெட்டிக்கும் வெச்சா. இது அந்தப் பொண்ணு வேலை பார்த்த பெட்டி. இதுக்கெதுக்குன்னேன். ஆளு போனாலும் பெட்டி நம்முதுதானேன்னா. சாக்கை வெலக்கிப் பாருங்க, சந்தனம் இன்னும் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குது. பொரி, கடலை, சாமி கும்பிட்டு முடிச்சு, கோகுல் ஒரு பட்டனைத் தட்டுனான். டெம்போ கிளம்பிருச்சு. "பழசைத் துடைச்சுப்போடு. நம்மகிட்ட இருக்கற பழைய பொட்டலத்தையும் அழிச்சுப்போடு. கோகுல்ங்கற பேரு எங்கயும் இருக்கக் கூடாது"ன்னேன். "ஒருக்கா ஒரே ஒரு ஆபீசுல போட்டுப் பார்த்துட்டு…"ன்னு இழுத்தான். முறைச்சேன். அழிச்சுட்டான்.

என்ன ஆச்சுன்னா, ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினை அணைச்சு வெச்சுத்தானே மாலை போடுவான்? லாரி சாவியையே சாமிகிட்ட வெச்சுருவான், மறுநாள் வரைக்கும் எவனும் தொடமாட்டான். பாதி ஆபீசுல மெஷின் அணைஞ்சு கிடந்திருக்குது. டெம்போ முழிச்சுக்கிட்டிருந்த மெஷின்ல மட்டும் இறக்கிப்போட்டு வந்துருச்சு. மறுநாள் காலையில எல்லாரும் ஆபீசைத் தொறக்கறான். பூஜைக்கு நின்ன லாரியெல்லாம் ஒண்ணா லோடு கேக்கற நாளு. பாதி ஆபீஸ் கோகுலைத் தேடுது, பாதி ஆபீஸ் என்னைத் தேடுது. ஒருத்தன் போட்ட லோடு இன்னொருத்தனுக்குத் தெரியலை. கோகுலைத் தேடறவனுக்குக் குடுக்க நம்மகிட்டப் பழைய பொட்டலமும் இல்லை. என் பேரு போன மெஷின்லயாவது ஒழுங்கா ஓடுச்சான்னா, அதுவும் இல்லை. செங்கோடண்ணன் போன் பண்றாரு.

"ஏனப்பா முத்து, கோகுலை அனுப்பிச்சுப்போட்டு, இப்ப யாரோ நாச்சின்னு ஒரு பொம்பளையை வெச்சிருக்கியே? அவளையும் காணோம்னு சொல்லுதே மெஷினு!"

நாச்சியோட நின்னுபோச்சுங்க. மீதிக்கு எடம் கொள்ளலை.

சிரிக்காதீங்க. சிரிக்கறீங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாத் தெரியாதா?

வெங்காயம் இறக்குன லாரி ஒண்ணு ஊர் திரும்ப லோடு இல்லாம சங்ககிரியில நிக்குது, ஏத்தறதுக்கு லாரி இல்லாம அதே ஊருக்குப் போற முட்டை நாமக்கல்லுல நிக்குது. எல்லாரும் பழையபடி போன்ல கத்திக்கிட்டிருக்கான். அண்ணன் கடைசியாச் சொல்லிப்போட்டாரு. திங்கக்கிழமை சங்கக் கூட்டம். அதுக்குள்ள ஓடலைன்னா எல்லா ஆபீசும் சேலத்துக்காரன்கிட்டப் போயிரும். ஒண்ணு ரெண்டு இல்லீங்க, எல்லாம். நான் ஏறி இறங்குன அத்தனை படியும் போச்சு. தோள்பட்டையும் இல்லை, லாரிக்கும் போக முடியாது.

அப்பத்தான் இந்தப் பெட்டியைத் தட்டி எழுப்புனோம். அந்தப் பொண்ணு கட்டி வெச்ச டெம்போ இதுலதான் இருக்குது. கருப்புத் திரை. கோகுல் என்னமோ தட்டுனான். தமிழ்ல ஒரே ஒரு வரி வந்துச்சு தம்பி. 'எங்கே இறக்கட்டும்?' அவ்வளவுதான். பக்கத்துல ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு மினுங்குது.

கோகுல் குதிக்கறான். "மாமா, முடிச்சேதான் வெச்சிருக்கறா! பழைய மெஷினு, புது மெஷினு, எதுல வேணும்னாலும் போகும். ஒரு எடத்தைச் சொல்லுங்க, அடிச்சுப் பார்க்கலாம்."

"கையை எடுடா"ன்னேன்.

உங்களுக்குத் தெரியாது. இது லாரித் தொழில்ல இருந்தவனுக்குத்தான் தெரியும். லோடு ஏத்திக்கிட்டுப் போறப்ப, டீக்கடையிலயோ தாபாவுலயோ ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வந்து, எங்கண்ணே இறக்கறீங்கன்னு கேப்பான். பதிலே சொல்லக் கூடாது. கிளீனரா ஏறுன முதல் நாளே செவிட்டுல ஒண்ணு விட்டுச் சொல்லிக் குடுத்தாங்க எனக்கு. கேக்கறவன் சரக்குத் திருடறவனுக்கு ஆளு. நீங்க ஊரைச் சொன்னீங்கன்னா, அதுக்கு முந்தின வளைவுல தார்ப்பாயை அறுத்துருவான். இத்தனை வருஷத்துல ரோட்டுல ஒருத்தனுக்கும் நான் அதுக்குப் பதில் சொன்னதில்லை. ஒரு பெட்டி கேட்டாச் சொல்லிருவனா? அதுவும் அவ எழுதி வெச்ச பெட்டி?

அதுதான் ஒயரைப் புடுங்கி, சாக்குல போட்டு, தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அவ வாசல்லயே வெச்சு, அந்தக் கேள்வியை எடுன்னு சொல்லப் போறேன். கேள்வியை எடுத்துப்போட்டு, கேக்காம இறக்கற மாதிரி பண்ணிக் குடு. திரும்ப வேலைக்கு வான்னும் சொல்லுவேன், ஆனா எடுத்தவுடனே சொல்லமாட்டேன். முதல்ல கோபமாத்தான் நிப்பேன். அவ இறங்குனா நானும் கொஞ்சம் இறங்குவேன்.

என்னங்க? ஏதாவது ஒரு எடத்தை அடிச்சாப் போதுமா? நீங்களும் அதையே சொல்றீங்க. கோகுல் சொன்னதை ஒரு சொல்லு மாத்தாமச் சொல்றீங்க. மெஷினுக்கு ஒரு எடம்னு கேட்டுக்கிட்டு இறக்கறதுதான் சரியா? அது அவ சொன்னது. ரெண்டு பேரு சொன்னதையும் நீங்களே சொல்றீங்களே. தம்பி, நீங்க எங்க இறங்கறீங்க?

இல்லை, இது அந்தக் கேள்வி இல்லீங்க. இதைக் கேக்கலாம். நான் கேக்கலாம்.

தூத்துக்குடியேவா? கரூர்ல வேலை, ஊரு தூத்துக்குடி. ம்ம். பச்சைச் சட்டைக்காரனைப் பார்த்தேன், உங்களைப் பார்க்காம விட்டுட்டேன்.

சரி, எதுவா இருந்தாலும் இருக்கட்டும். ஊர்க்காரர்னா வழி சொல்லுங்க. அவ விலாசம் எனக்கு மனப்பாடம், வேலைக்குச் சேர்றப்பக் குடுத்தது. பைபாஸ்ல இருந்து உள்ளே போற ரோடு, மாதா சிலை வெச்ச கெபிக்கு எதிர்த்த வரிசை, ஐஸ் கம்பெனியை ஒட்டி மூணாவது வீடு. போன தீபாவளிக்கு அந்த விலாசத்துக்குத்தான் ஸ்வீட் பாக்ஸ் அனுப்புனேன். திரும்பி வந்துருச்சு. இந்த விலாசத்துல வீடே இல்லைன்னு எழுதி அனுப்பறான் கூரியர்க்காரன்! போயே இருக்கமாட்டான். நான் பார்க்காத டெலிவரியா? மைசூர்பாக்கு பாதியைக் காணோம் வேற.

என்ன முழிக்கறீங்க?

அந்த வரிசையா? ஐஸ் கம்பெனி வரிசை முழுசுமா? ரோட்டை அகலமாக்கவா?

எப்ப இடிச்சாங்க?

ரெண்டு வருஷமா. இல்லீங்க, அவ சொல்லலை. சொல்லியிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அழுத்தம். அஞ்சு மணிநேரம் இந்தச் சாக்கைக் காவல் காத்துக்கிட்டு வர்றேன், அங்க போனா ரோடுதான் இருக்கும்கறீங்க.

போனா? போன் நம்பர் இருக்குது, ஏன் இல்லாம. நான் கூப்புடமாட்டேன். கூப்புட்டு, அம்மணி நீ எங்க இருக்கறேன்னு நான் கேட்டா, அப்பவே என் ரேட்டு பாதாளத்துக்குப் போயிரும். நீங்க கேளுங்க. ஊர்க்காரர்தானே நீங்க, உங்க பேச்சு அவளுக்குப் புரியும். உங்க போன்ல வேண்டாம், அவ நம்பர் உங்ககிட்டப் பதிஞ்சுரும். என் போனைப் புடிங்க. இந்தாங்க, 'ரெ'ன்னு இருக்குதே, அதுதான். நான் பஸ்ல வர்றேன்னு சொல்லாதீங்க. பெட்டியைப் பத்தி மூச்சு விடாதீங்க. எங்கேன்னு மட்டும் கேளுங்க. எங்க வரட்டும், எங்க இறக்கட்டும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல்லு வேண்டாம்.

போகுதா? ரிங் போகுதா? இருங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. காதுல வெச்சுக்கிட்டு நீங்க ஒண்ணு சொல்லி அவ ஒண்ணு சொல்லி, எனக்கெதுக்கு அந்த வம்பு? எல்லாரும் கேக்கற மாதிரி போடுங்க.

எடுத்துட்டா. பேசுங்க.

"நாச்சிமுத்து சாரா? என்ன சார், பெட்டி கேட்டதுக்கு எடத்தைச் சொல்லிட்டீங்களா?"

பார்த்தீங்களா தம்பி? நான் சொன்னேனில்லை? அலோகூடச் சொல்லலை. எடுத்த எடுப்புலயே கேள்வி!